நாட்டுப்பற்றுக்கு இறைநம்பிக்கை அவசியமா? ‘அவசியமில்லை’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, என் அணியினரே, எதிரணி அன்பர்களே, பினாங்குச் சொந்தங்களே, வணக்கம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்குறவ. முருகனை முழுசா நம்புறவ. நம்பிக்கிட்டேதான் இந்த அணியில நிக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டாரு, மண்டபமே சிரிச்சுது. “நம்ம மலேசியாவோட தேசிய கீதம் நெகாராகூவில இறைவன் பேர் வர்ற வரி இருக்கே, அந்த இடத்துல நாத்திகருங்க என்ன செய்வாங்க? இருமுவாங்களா?”ன்னாரு. கைதட்டு வாங்கிட்டீங்க அண்ணே. பதிலையும் வாங்கிக்கிட்டுப் போங்க.

ஜெலுத்தோங்குல எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு தாத்தா. எண்பதைத் தாண்டினவரு, கறுப்புச் சட்டைக்காரரு. 1929 டிசம்பர்ல பெரியார் கப்பல்ல வந்து இறங்கின ஊராச்சே இது, அந்தப் பரம்பரை இன்னும் இருக்கு. கோயில் வாசல்படி மிதிக்க மாட்டாரு. ஆனா தைப்பூசத்தன்னைக்கு எங்க தண்ணீர்ப் பந்தலுக்கு விடியறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறவரு அவருதான். ஐஸ் உடைப்பாரு, மோர் கலக்குவாரு, தேங்காய் உடைச்சிட்டு வர்ற சீனருக்கும் ஊத்துவாரு, போலீஸ்காரருக்கும் ஊத்துவாரு. ஒரு வருஷம் காவடிக்குத் துணையா வந்த பையன் கேட்டுட்டான்: “தாத்தா, சாமி இல்லேங்கிறீங்க. சாமி பார்க்க வர்றவங்களுக்கு மோர் ஊத்துறீங்களே?” தாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கல.

“சாமி இல்லடா. தாகம் இருக்கு. குடி.”

பின்வரிசையில கேட்டுச்சா? இன்னொரு தரம் சொல்றேன். “சாமி இல்லடா. தாகம் இருக்கு. குடி!” பையன் குடிச்சான். இன்னொண்ணு கேட்டான், ஊத்தினாரு. மூணாவது கேட்டான் பாருங்க, தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டாரு: “போதும்டா, இன்னும் மலை ஏறணும். வயிறு கனத்தா முருகன்கிட்ட எப்படிப் போய்ச் சேருவ?” முருகனை நம்பாத மனுஷன், முருகன்கிட்டப் பத்திரமாப் போய்ச் சேர வழி சொல்லி அனுப்புறாரு!

இப்ப உங்க இருமலுக்கு வர்றேன் அண்ணே. ஆகஸ்ட் 31, சுதந்திர நாள், எங்க குடியிருப்புல கொடியேத்தம். நெகாராகூவில அந்த வரி வந்துச்சு. தாத்தா இருமல. எங்க எல்லாரையும்விடச் சத்தமாப் பாடினாரு. எப்படித் தாத்தான்னு கேட்டேன். “நாட்டு சனம் நல்லா இருக்கணும்னு ஊரே கேக்குது. அதுல நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு நிக்கவாம்மா?”ன்னாரு.

நம்ம நாட்டுக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவைக் காட்டினீங்க. முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கைதான், மறுக்கல. மூணாவதையும் படிங்க, அரசியலமைப்புச் சட்டம். அதோட 8ஆவது பிரிவு, சமயத்தை மட்டும் காரணமா வச்சுக் குடிமக்கள்கிட்டப் பாகுபாடு காட்டக்கூடாதுங்குது. 1969 மே 13 இனக்கலவரத்துல அடிபட்ட நாட்டை ஒண்ணு சேர்க்க, 1970ல பிரகடனம் செஞ்சது ருக்குன் நெகாரா. அதையே தூக்கி ஒருத்தரை வெளியே தள்ளலாமா? சட்டம் இது போதும்.

தாத்தா கைக்குழந்தையா இருந்தப்ப, 1943ல, அவங்க அப்பாவை ஜப்பான்காரன் தோட்டத்துலருந்து சயாமுக்கு, இன்னைக்குத் தாய்லாந்து, கொண்டு போயிட்டான், ரயில் பாதை போட. பல்லாயிரம் தமிழருங்க அங்கேயே மடிஞ்சாங்க. அம்மா கேக்காத தெய்வமில்ல. மாரியம்மன் கோயில், மாதா கோயில், நாகூர் தர்கா, எல்லா வாசல்லயும் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அழுதிருக்காங்க. அப்பா வரல. வெவரம் தெரிஞ்ச வயசுல பிள்ளை சாமியை விட்டுட்டான். நாட்டை விடல. சொந்தக்காரங்க எல்லாம் கப்பலேறி ஊருக்குத் திரும்பினப்ப, வாடான்னு கூப்பிட்டாங்க. வரலேன்னுட்டாரு. “எங்கப்பா என்னை விட்டுட்டுப் போனது இந்த மண்ணுல. திரும்பி வந்தா இங்கதானே தேடுவாரு?”

மணி அடிச்சிட்டீங்க நடுவர் ஐயா, முடிச்சிடுறேன். அண்ணே, அந்த மனுஷன் எதிர்ல போய் நின்னு, ‘உனக்கு சாமி இல்ல, அதனால இந்த நாடும் உன்னுது இல்ல’ன்னு சொல்ல உங்களுக்கு மனசு வருமா? நடுவர் ஐயா, உங்களுக்கு வருமா? பால்குடம் எடுக்குற எனக்கு வரல.

நன்றி, வணக்கம்.