மறுவாழ்வு இல்லத்தில் ஒரு நக்கல்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் எதுவானாலும் பேசலாம் என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். என்னிடம் அப்படிச் சொல்வது ஆபத்து. அமெரிக்க ராக் பாடகர் வாரன் ஸீவானைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். பெயர் புதிதாகப் படலாம், பரவாயில்லை. பாட்டு காதில் விழுந்திருக்கும். பியானோவில் மூன்றே மூன்று கார்டு, அதாவது சுரக்கொத்து, சுற்றிச் சுற்றி வரும். நடுவில் ஒருவர் ‘ஆவூ’ என்று ஓநாய் ஊளை விடுவார். 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் டாம் குரூஸ் பில்லியர்ட்ஸ் குச்சியைச் சுழற்றிக்கொண்டே மேஜையைச் சுற்றி ஆட்டம் போடுவாரே, அங்கே பின்னால் ஓடுவது அந்தப் பாட்டுதான். ‘வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்’. 1978இல் அமெரிக்கப் பட்டியலில் 21ஆம் இடம் வரை ஏறியது. அதைத் தாண்டிய ஒரு ஹிட் அவருக்குக் கடைசிவரை அமையவில்லை.

அந்தப் படம் தியேட்டரில் ஓடிய காலத்தில் ஊளைக்குச் சொந்தக்காரர் எங்கே இருந்தார்? அதுதான் இன்றைய பேச்சு. குடியை நிறுத்திவிட்டு, கைவிட்டுப்போன பிழைப்பை மறுபடி ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். அந்த முயற்சியில் பிறந்த ஆல்பம் 1987இல் வந்தது. பெயர் ‘சென்டிமென்டல் ஹைஜீன்’.

குடியை விட்டவர் பாட்டு எழுதினால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? ஒன்று அழுகை, இல்லாவிட்டால் பிரசங்கம். இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு மன்னிப்புக் கேட்கிறது. மற்றதெல்லாம் குசும்பு. குடித்தபோது இருந்த அதே குசும்பு, இன்னும் கொஞ்சம் தீட்டியது. இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நம் பக்கமும் ஒரு பேச்சு ஓடுகிறது: கலைஞன் என்றால் கொஞ்சம் உள்ளே போனால்தான் சரக்கு வெளியே வரும் என்று. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். கல்யாணப் பந்தியில் யாராவது ஆரம்பித்தால்கூட விடமாட்டேன். பாயசம் ஆறிப்போனாலும் சரி.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா சூதாட்டக்காரர், ரவுடிகளோடு பழக்கம் உள்ளவர். பையனோ பதின்மூன்று வயதில் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் வீட்டுக்குப் போய், அந்தப் பெரிய மேதையோடு உட்கார்ந்து இசை பேசியவன். சூதாட்டமும் சிம்பொனியும் சேர்ந்து வளர்த்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எவர்லி பிரதர்ஸ் குழுவுக்கு பியானோ, வாத்தியக்குழுப் பொறுப்பு. 1976இலும் 78இலும் வந்த இரண்டு ஆல்பங்கள் பெயர் வாங்கிக் கொடுத்தன. தலை போன பிறகும் துப்பாக்கியோடு அலையும் கூலிப்படைக்காரன், சிக்கலில் மாட்டிக்கொண்டு ‘வக்கீலை அனுப்பு, துப்பாக்கி அனுப்பு, பணம் அனுப்பு’ என்று அப்பாவுக்குச் சேதி விடும் பணக்காரப் பிள்ளை, இவர்கள்தான் அவருடைய கதாபாத்திரங்கள். கனத்த குரல். சிரிக்காமல் சிரிப்புக் காட்டுவார்.

கூடவே வோட்கா. எந்த அளவுக்கு என்றால், ஒரு நாள் வீட்டில் வெடிச்சத்தம் கேட்டு மனைவி ஓடிப்போய்ப் பார்க்கிறார். தன் ஹிட் ஆல்பத்தின் அட்டையில் இருந்த தன் முகத்தையே துப்பாக்கியால் சுட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். இதைக் கேட்டுச் சிலர் ‘ஆகா, ராக் அண்ட் ரோல்!’ என்பார்கள். அந்த வீட்டில் ஒரு சின்னப் பெண் குழந்தையும் இருந்தது. அதை இவர்கள் யோசிப்பதில்லை.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சம்பவம். நேரம் கொஞ்சம் பிடிக்கும்.

ஸீவான் துப்பறியும் நாவல் பைத்தியம். அதிலும் ராஸ் மெக்டொனால்ட் என்றால் உயிர். அது புனைபெயர், நிஜப்பெயர் கென் மில்லர். கலிபோர்னியாவில் சான்டா பார்பரா என்ற கடற்கரை ஊரில் இருந்தார். அவர் படைத்த துப்பறிவாளர் லூ ஆர்ச்சர். நீங்கள் படித்திருந்தால் தெரியும், ஆர்ச்சர் குற்றவாளியைப் பிடிப்பதோடு விடமாட்டார். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். கேட்டுக்கொண்டே போனால், முப்பது வருஷம் முன்னால் அப்பனோ தாத்தனோ செய்த காரியம் பேரனின் தலையில் வந்து விடிந்திருப்பது தெரியும். அப்பா சூதாடியாக இருந்த ஒரு பிள்ளைக்கு அந்த நாவல்கள் ஏன் அவ்வளவு ஒட்டின என்று நான் விளக்கவேண்டியதில்லை.

சரி. எழுபதுகளின் கடைசியில் ஸீவானை அதே சான்டா பார்பராவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதல் தடவையாகக் குடிக்கு வைத்தியம் பார்த்தார்கள். வெளியே வந்தார். வந்த பிறகும் ஆள் தேறவில்லை, உள்ளுக்குள் நொறுங்கிக்கிடந்தார். சேதி மில்லர் காதுக்குப் போனது. அவர் அறுபதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். ஒரே மகளை 1970இல் பறிகொடுத்தவர். பெரிய எழுத்தாளர், வயசாளி, ஒரு ராக் பாடகனைத் தேடிக்கொண்டு போகவேண்டிய அவசியம் அவருக்கு என்ன இருந்தது? போனார். ஸீவான் பின்னாளில் இதைச் சொல்லும்போது, வாழ்க்கையின் அடிமட்டத்தில் கிடந்தபோது வாசல் மணி அடித்தது, திறந்தால் சாட்சாத் லூ ஆர்ச்சரே என்னைக் காப்பாற்ற வந்து நிற்கிறார் என்ற அர்த்தத்தில் சொல்வார்.

எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? கதைக்குள் ஆர்ச்சர் என்ன செய்வாரோ, அதையே எழுதியவரும் செய்தார். கதவைத் தட்டினார், உட்கார்ந்தார், கேட்டார். எழுத்தாளனைப் பார்க்க வாசகன் போவதுதான் வழக்கம். இங்கே வாசகன் வீட்டுக்கு எழுத்தாளர் வந்தார். 1980இல் வந்த ‘பேட் லக் ஸ்ட்ரீக் இன் டான்சிங் ஸ்கூல்’ ஆல்பத்தை ஸீவான் அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். பாட்டுக்கு நடுவே சின்னச் சின்ன வயலின் துணுக்குகள் வரும், அதையும் ஸீவானே எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கி வீட்டுக்குப் போன பையன் எட்டிப்பார்க்கும் இடம் அது. பாவம், மில்லருக்குச் சீக்கிரமே மறதிநோய் வந்து, 1983இல் காலமானார்.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருந்தால் நான் வேறு ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். ஸீவான் மறுபடி குடித்தார். குடியில் இது சகஜம், வீட்டில் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்: முதல் தடவை நிறுத்துவது பாதி வழிகூட இல்லை. 1982இல் போட்ட ஆல்பம் விற்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனி கழற்றிவிட்டது. அதையும் நேரில் சொல்லவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் துணுக்குச் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அப்புறம் சில வருஷம் பிலடெல்பியா நகரம், மதுபாட்டில், இருட்டு. எண்பதுகளின் நடுவில் மறுபடி வைத்தியம். இந்தத் தடவை நின்றது.

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். அந்தப் பத்திரிகைச் சமாசாரத்தை என்ன செய்தார் தெரியுமா? பாட்டாக்கினார். ‘டிரபிள் வெயிட்டிங் டு ஹேப்பன்’ என்ற பாட்டில் தபால்காரர் ‘ரோலிங் ஸ்டோன்’ கொண்டுவந்து கொடுக்கிறார். பிரித்தால், தான் செய்ததாகத் தனக்கே தெரியாத சங்கதிகள். படிக்கப் படிக்க, அடடா, ரொம்ப ஜாலியாகத்தான் இருந்திருக்கும் போலிருக்கிறதே என்கிறார். குடித்தவனுக்கு நேற்று நடந்தது ஞாபகம் இருக்காது, அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். அந்த அவமானத்தை இதைவிடச் சிரித்துக்கொண்டே எப்படிச் சொல்வது?

வாசித்தவர்கள் யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் ஊர்ப் பையன்கள், ஆர்.இ.எம். குழு. கல்லூரி வானொலிகளில் அவர்கள் கொடி பறந்த நேரம். பில் பெரி ட்ரம்ஸ், பீட்டர் பக் கிடார், மைக் மில்ஸ் பாஸ். தலைப்புப் பாட்டில் நீல் யங்கின் கிடார், கேட்டவுடன் தெரியும், ரம்பம் போட்ட மாதிரி அறுக்கும். ‘தி ஃபேக்டரி’ பாட்டில் மவுத் ஆர்கன் வாசிப்பவர் பாப் டிலன். கம்பெனி கைவிட்ட ஆளுக்கு வாத்தியக்காரர்கள் இவர்கள்! ஆனால் எண்பதுகளின் பளபளப்பு சில இடங்களில் உறுத்தும், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பாட்டு எனக்கு ஒத்துவரவில்லை. கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சியை டிஸ்கோ தாளத்தில் போட்டால் நான் என்ன செய்வேன், எழுந்துபோய் டீ போடுவேன்.

ஆல்பத்தின் உயிர் ‘டிடாக்ஸ் மேன்ஷன்’. மறுவாழ்வு இல்லத்தைப் பற்றிய பாட்டு. அந்தச் சமயத்தில் கலிபோர்னியாவில் பெட்டி ஃபோர்ட் மையம் ரொம்பப் பிரபலம். முன்னாள் ஜனாதிபதியின் மனைவி, தானே குடியிலிருந்து மீண்டவர், 1982இல் தொடங்கியது. நடிகை எலிசபெத் டெய்லர் போனார், நடிகை லைசா மினெல்லி போனார். போய்வந்தால் பத்திரிகையில் பேட்டி. ஸீவானுடைய பாட்டில் அவர் லைசாவோடு சேர்ந்து இலை கூட்டுகிறார், லிஸ் டெய்லரோடு முற்றம் பெருக்குகிறார். காலையில் சிகிச்சை, சொற்பொழிவு; மத்தியானம் கோல்ஃப். வெளியே போனதும் என் கதையை எல்லோருக்கும் சொல்லத் துடிக்கிறேன் என்கிறார். கவனியுங்கள், கேலி மறுவாழ்வின் மேல் இல்லை. அந்த வைத்தியம்தான் அவரை உயிரோடு வைத்தது, அது அவருக்குத் தெரியும். மீள்வதையும் ஒரு புகழ்ச்சிக் காட்சியாக்கும் பணக்காரக் கூட்டத்தின் மேல்தான் கேலி. அந்தக் கூட்டத்தில் தன்னையும் ஒருவராக நிறுத்திவைக்கிறார், துடைப்பத்தோடு.

இதை எழுத நிதானம் வேண்டும். போதையில் எழுதியிருந்தால் வெறும் வசவாகப் போயிருக்கும். நான் சொல்வது புரிகிறதா? குசும்பு பாட்டிலில் இல்லை, ஆளிடம் இருந்தது. பாட்டில் போனதும் கைநடுக்கம்தான் போனது.

அடுத்தது ‘பூம் பூம் மன்சினி’. குத்துச்சண்டை வீரர் ரே மன்சினியைப் பற்றியது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் அவரோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம், 14ஆம் சுற்றில் விழுந்து, நாலு நாளில் இறந்துபோனார். 15 சுற்றாக இருந்த பட்டப்போட்டிகள் 12 சுற்றாகக் குறைய அந்தச் சாவு ஒரு காரணம். டிவியில் உட்கார்ந்து ரசித்த ஊர், மறுநாள் மன்சினியைப் பார்த்துக் கொலைகாரன் என்றது. எல்லாம் முடிந்த பிறகு தீர்ப்புச் சொல்ல வருகிற வேஷக்காரர்கள் என்று ஸீவான் அவர்களைச் சாடுகிறார். ஆட்டமே அடிப்பதும் அடிவாங்குவதும்தானே என்கிறார். இன்னோர் இடத்தில், வேகம் இருக்கலாம், வித்தை தெரிந்திருக்கலாம், அடி தாங்க முடியாவிட்டால் ஒன்றும் பிரயோஜனமில்லை என்கிறார். குடியை விட்டவர் பாடுகிற வரி என்று நினைத்துக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு நிமிஷமாம். ‘ரீகன்சிடர் மீ’ பற்றிப் பேச நினைத்திருந்தேன், ஆரம்பத்தில் சொன்ன அந்த மன்னிப்புப் பாட்டு. அதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஃபேக்டரி’ பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதில் தொழிலாளி ஆஸ்பெஸ்டாஸைக் காலால் தள்ளிக்கொண்டு வேலை பார்க்கிறான். 2002இல் ஸீவானுக்கு வந்தது மீசோதீலியோமா, பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸால் வருகிற புற்றுநோய். அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

நோய் தெரிந்ததும், சுமார் 17 வருஷம் தொடாமல் இருந்தவர் மறுபடி குடித்தார் என்பதும் உண்மை. கடைசி ஆல்பம் ‘தி விண்ட்’ 2003 ஆகஸ்டில் வந்தது, செப்டம்பர் 7இல் இறந்தார், பின்னால் கிராமி கிடைத்தது. பார்த்தாயா, குடித்துத்தானே அதைச் செய்தார் என்று என் பந்தி நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஸீவானின் ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் 12. அதில் ‘சென்டிமென்டல் ஹைஜீன்’ தொடங்கி ஆறு, சரிபாதி, சொட்டுக்கூடத் தொடாத வருஷங்களில் வந்தவை. முதலாவது பட்டியலில் 63ஆம் இடத்தைத் தாண்டவில்லை, அதனால் என்ன?

சரி, விளக்கு எரிந்துவிட்டது. ‘டிடாக்ஸ் மேன்ஷன்’ போடுகிறார்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நன்றி, வணக்கம்.