மென்பொருளுக்கு ஆக்கவுரிமை: எல்லை எங்கே இருக்கிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், வவுனியாவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த முன்னாள் வளாகமும் இயங்கிவருவதால், வன்னி மண்ணிலேயே கல்வி கற்று மென்பொருள் எழுதும் இளைஞர் கூட்டமொன்று உருவாகியிருக்கிறது. "நான் எழுதிய மென்பொருளுக்குப் பேட்டன்ற், அதாவது ஆக்கவுரிமை, எடுக்கலாமா?" என்ற கேள்வி அவர்களிடையே இயல்பாகவே எழுகிறது. ஆக்கவுரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் குறிப்பிட்ட காலத்துக்குத் தடுக்கும் தனியுரிமை. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூற முடியாது. ஆயினும் எந்த இடத்தில் விடை மாறுகிறது என்பதைச் சொல்ல முடியும்.

எங்கள் நாட்டில் இதனை ஆளும் சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். ஆக்கவுரிமை பெறுவதற்குக் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. கைத்தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆக்கவுரிமை பெற முடியாதவை என்று அச்சட்டம் ஒதுக்கிவைப்பவற்றுள் கணித முறைகளும், வணிகம் செய்யும் முறைகளும், முற்றிலும் மனத்தால் செய்யப்படும் செயல்களும் அடங்குகின்றன. கணினி நிரல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியச் சட்டத்தின் 3(k) பிரிவோ கணினி நிரலைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. அதனால் இங்கே வழி தாராளமாகத் திறந்திருக்கிறது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதே என் கருத்து. எந்த நிரலும் அடிப்படையில் ஒரு கணக்கீடுதான். சந்தையில் உள்ள மென்பொருள்களில் பெரும்பகுதி ஒரு வணிக முறையைக் கணினிக்கு மாற்றியவைதான். ஆகவே பெயர் சொல்லி விலக்காவிட்டாலும், அந்த இரு விலக்குகளின் நிழல் மென்பொருளின் மீது எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும்.

இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். சிறுபோகத்துக்கு நீர் பங்கிடுவதற்காக ஒரு மாணவி இரண்டு மென்பொருள்களை ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கமக்காரரின் பெயரையும் வயலின் பரப்பையும் பெற்றுக்கொண்டு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்ற அட்டவணையைத் தருகிறது. இரண்டாவது, வாய்க்கால் நெடுகிலும் பொருத்திய உணரிகளிடமிருந்து நீர்மட்டத்தை வாசித்து, திறந்துவிட்ட நீர் கடைசி வயலைச் சென்றடைய எடுக்கும் நேரத்தை இடைவிடாது மீளக் கணித்து, மதகின் கதவை இயக்கும் மோட்டாரைத் தானே கூட்டியும் குறைத்தும் நடத்துகிறது. மக்களுக்குப் பயன் என்று பார்த்தால் முதலாவதே உடனடியாகக் கூடுதலாக உதவக்கூடும். ஆனால் ஆக்கவுரிமையின் கண்ணில் அது, தாளில் எழுதிய அட்டவணையைக் கணினியில் எழுதியது மட்டுமே. இரண்டாவதோ, நீர் வீணாகாமல் கடைமடையைச் சேரவேண்டும் என்ற தொழினுட்பச் சிக்கலுக்குத் தொழினுட்ப வழியில் தீர்வு காண்கிறது. அது புதியதா, எளிதில் தோன்றக்கூடியதா என்ற சோதனைகள் இன்னும் இருக்கின்றன. ஆயினும் அது வாசலைக் கடந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்த வேறுபாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்றே ஆண்டு இடைவெளியில் தெளிவாகக் காட்டியது. எண்ணெய் வேதியியல் செயன்முறையொன்றில் எச்சரிக்கை எல்லையைப் புதுப்பிக்கும் சூத்திரத்துக்கு 1978 இல் அது உரிமை மறுத்தது. கிடைத்தது ஓர் எண் மட்டுமே. 1981 இல் வந்த வழக்கிலோ, அச்சுக்குள் இருக்கும் இறப்பரின் வெப்பநிலையை இடைவிடாது அளந்து, அறியப்பட்ட ஒரு சமன்பாட்டால் கணித்து, சரியான கணத்தில் அச்சைத் திறக்கும் முறைக்கு உரிமை உண்டு என்று, ஐவருக்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பின்னர் 2014 இல், பணக் கொடுக்கல் வாங்கலில் இடையாளாக நிற்கும் முறையைச் சாதாரணக் கணினியொன்றில் ஓடவிட்டால் மட்டும் போதாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது. ஐரோப்பாவில், 1973 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆக்கவுரிமை உடன்படிக்கை, நிரலை வெறும் நிரல் என்ற அளவில் மாத்திரம் விலக்குகிறது. அங்கும் தொழினுட்ப விளைவையே தேடுகிறார்கள். மென்பொருள் உரிமை பற்றிய சட்டவரைவை ஐரோப்பியப் பாராளுமன்றம் 2005 இல் 648 வாக்குகளால் தள்ளுபடி செய்தது. இந்தியாவிலும், நிரலைச் சார்ந்தது என்பதற்காக மட்டும் ஒரு கண்டுபிடிப்பை ஒதுக்கிவிட முடியாது என்ற நோக்கை டெல்லி மேல் நீதிமன்றம் 2019 இல் வெளியிட்டது. இத்தனை அறிவாளிகள் இத்தனை காலம் வாதாடியும் கோடு இன்னும் நேராகவில்லை என்பது உண்மை. இளைஞர்கள் அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

உண்மையான இடறல் பெரும்பாலும் விண்ணப்பத்தை எழுதும் கட்டத்திலேயே நேர்கிறது. நிரல் எழுதுபவர்கள் தங்கள் ஆக்கம் என்ன செய்கிறது என்பதை மகிழ்ச்சியோடு விவரிப்பார்கள். அது எப்படிச் செய்கிறது என்பதைச் சுருக்கிவிடுவார்கள். விண்ணப்பத்துக்கு வேண்டியது பின்னதே. அத்துறை அறிந்த ஒருவர் வாசித்து, தானே செய்துபார்க்கும் அளவுக்கு விளக்கம் இருக்க வேண்டும். 20 ஆண்டு தனியுரிமைக்குச் சமூகம் கேட்கும் விலை அதுதான்.

அடுத்தது, காட்டும் ஆவல். பல்கலைக்கழகக் கண்காட்சியில் வைப்பதும், முகநூலில் காணொளி இடுவதும், மாநாட்டில் கட்டுரை வாசிப்பதும் புதுமையை அழித்துவிடக் கூடியவை. ஆக்கியவரே வெளியிட்டிருந்தால், விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் நிகழ்ந்த வெளியீட்டை எங்கள் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் அத்தகைய பொதுவான சலுகை கிடையாது. உலகம் முழுவதற்குமான ஒரே ஆக்கவுரிமை என்றும் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே பெற வேண்டும். ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கை 1982 முதல் அங்கம் வகிப்பதால், முதல் விண்ணப்பத்திலிருந்து பொதுவாக 30 மாதங்கள் வரை பிற நாடுகளைத் தெரிவுசெய்யக் காலம் கிடைக்கிறது. ஆயினும் அதன் பின்னர் வரும் செலவு எங்கள் மாணவரின் குடும்பங்களால் தாங்கத்தக்கதல்ல. எனவே பல்கலைக்கழகங்கள் இந்தப் பொறுப்பில் பங்கேற்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆக்கவுரிமை கிடைக்காத மென்பொருளுக்குப் பாதுகாப்பே இல்லை என்று கருத வேண்டாம். அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டம் கணினி நிரலைப் பதிப்புரிமை பெறும் ஆக்கமாக ஏற்றுக்கொள்கிறது. பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அது காப்பது எழுதப்பட்ட நிரலையே. உங்கள் எண்ணத்தை எடுத்துக்கொண்டு வேறொருவர் முற்றிலும் தம் கையால் புதிய நிரல் எழுதினால், பதிப்புரிமை அவரைத் தடுக்காது.

இறுதியாக, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் வன்னி இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்படாவிட்டால், அந்தப் பணியின்போது செய்த கண்டுபிடிப்புக்கான உரிமை எங்கள் சட்டப்படி பணியைத் தந்தவரையே சாரும். கையெழுத்திடுவதற்கு முன்னர் அந்தப் பிரிவைத் தேடி வாசியுங்கள். ஏற்கெனவே சொந்தமாக ஆக்கி வைத்திருப்பவற்றைத் திகதியோடு பட்டியலிட்டு, அவை ஒப்பந்தத்துக்குள் அடங்கா என்று எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.