பிளாஸ்மா ஜெட் ஏன் சுடுவதில்லை? – நேயர் கேள்விக்கு விளக்கம்

போன பதிவைப் பார்த்துட்டு ஒரு நேயர் கேட்டிருக்கார்: "ஆர்கான் ஜெட்ல எலெக்ட்ரான் வெப்பநிலை 10,000 டிகிரிக்கு மேலன்னு சொன்னீங்க. அதுலயே ஒருத்தர் விரலை வைக்கிறதையும் காட்டினீங்க. எப்படி சுடாம இருக்கும்?" அருமையான கேள்விங்க. (புதுசா வந்தவங்களுக்கு: ஆர்கான் வாயுவுல மின்சாரம் பாய்ச்சி, சில அணுக்கள்ல இருந்து எலெக்ட்ரானைப் பிரிச்சு, சுடர் மாதிரி பீய்ச்சுற கருவிதான் இந்த பிளாஸ்மா ஜெட்.) படிச்சதும் அவ்வளவு சந்தோஷம்.

தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஞாபகம் இருக்கும்: வெப்பநிலைன்னு சொன்னா, யாரோட வெப்பநிலைன்னு கேளுங்க. இங்கே எலெக்ட்ரான்தான் சூடு. ஆர்கான் அணு அதைவிட 70,000 மடங்குக்கு மேல கனம். எலெக்ட்ரான் போய் மோதினா மலை மேல கடுகு பட்ட மாதிரிதான். ஒரு மோதல்ல தன் ஆற்றல்ல ஏறக்குறைய 36,000-ல ஒரு பங்குதான் கைமாறும். எரியுற டியூப் லைட்டைத் தொட முடியுதே, அதுவும் இதே கதைதான்: உள்ளே எலெக்ட்ரான் கொதிக்குது, வாயு கொதிக்கல.

ஆனா சாதாரண காற்றழுத்தத்துல மோதல் ரொம்ப அதிகம். விட்டா வாயுவும் சூடேறிடும். ஆர்கான் வெல்டிங்ல நடக்கிறது அதுதான். அதனாலதான் ஜெட்ல மின்முனைக்கு நடுவுல குவார்ட்ஸ் குழாய் மாதிரி மின்சாரம் கடத்தாத ஒரு மின்காப்பை வைக்கிறாங்க. மின்னோட்டம் ஓங்குறதுக்குள்ள அறுபட்டுடும். மிச்ச சூட்டை ஓடுற வாயு அடிச்சுக்கிட்டுப் போயிடும். நம்ம கண்ணுக்குத் தொடர்ந்து நிக்கிற சுடர் மாதிரி தெரியுறதை அதிவேக கேமராவுல பார்த்தா, குண்டு குண்டா பாயுற ஒளித் துணுக்குகளா தெரியும். வேகம் வினாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேல! பறக்கிறது வாயு இல்ல, அயனியாக்க அலை, அதாவது வழியில இருக்கிற அணுக்கள்ல இருந்து எலெக்ட்ரானைப் பிரிச்சுக்கிட்டே முன்னேறுற அலை. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அதுக்காக வீட்டுல செஞ்சு பார்த்துடாதீங்க. கிலோவோல்ட் கணக்குல மின்னழுத்தம், ஓசோன், புற ஊதாக் கதிர் எல்லாமே இருக்கு.

நீங்க கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கு. ஆர்கான் மந்த வாயு, லேசுல எதோடயும் சேராது. ஆனா இந்த ஜெட்டைக் காயத்துல காட்டினா பாக்டீரியா சாகுது. அப்போ அதை யார் கொல்றா? கொல்றது காற்றுங்க! கிளர்ச்சியடைஞ்ச, அதாவது மோதல்ல கூடுதல் ஆற்றல் வாங்கின ஆர்கான் அணு 11.5 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவு ஆற்றலை அளக்கிற அலகு) ஆற்றலைச் சுமந்துக்கிட்டு வெளியே வருது. நீர் மூலக்கூறைப் பிளக்க ஏறத்தாழ 5 போதும், ஆக்ஸிஜனுக்கும் அவ்வளவுதான். உடைஞ்சதுல ஹைட்ராக்சில் (நீர் மூலக்கூறோட துண்டு), தனி ஆக்ஸிஜன் அணு, அப்புறம் ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு எல்லாம் பிறக்குது. வேலை செய்றது இவங்கதான். ஜெர்மனியில கிரைஃப்ஸ்வால்ட்ல உருவான ஒரு ஆர்கான் ஜெட் 2013-லயே மருத்துவக் கருவியா அங்கீகாரம் வாங்கிடுச்சு. எண்டோஸ்கோபியில ரத்தக்கசிவை நிறுத்துற ஆர்கான் கருவி வேற. அது திசுவுக்குள்ள மின்னோட்டத்தை விட்டு, சுட்டுத்தான் உறைய வைக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிளாஸ்டிக் சோதனை. பாலிபுரொப்பிலீன் தகட்டுல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க, முத்தா நிக்கும். ஜெட்டைச் சில வினாடி காட்டிட்டு அதே இடத்துல விட்டா, சொட்டு படுத்துப் பரவும். மேற்பரப்புல ஆக்ஸிஜன் கொண்ட தொகுதிகள் ஒட்டிக்கிட்டதுதான் காரணம். பசை, மை பிடிக்காத பிளாஸ்டிக்ல இப்போ பிடிக்கும். ஆனா நாளாக நாளாக அந்தத் தொகுதிகள் உள்பக்கமா திரும்பிக்கும், பழையபடி தண்ணி உருள ஆரம்பிக்கும். அதனால ஒட்ட வேண்டியதை ஜெட் காட்டின கையோட ஒட்டிடணும்.