உற்சாகம் கைமாறும் விதம்

(ஊரணிகளைத் தூர்வார முன்வந்துள்ள இளைஞர் குழுக்களுக்காகக் காரைக்குடியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பெரியோர்களே, வணக்கம்.

பணம் எங்கே திரட்டுவது, பொக்லைனுக்கு என்ன வாடகை, அனுமதி யாரிடம் வாங்குவது என்பதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தந்திருக்கும் தலைப்பு வேறு. முன்னால் நிற்கிற ஒருவருடைய உற்சாகம் பின்னால் நிற்கிறவர்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் போகவேண்டாம். இந்த ஊரிலேயே இருக்கிறது.

கோட்டையூரில் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர் வள்ளல் அழகப்பர். லண்டனில் சட்டம் படித்தார், விமானம் ஓட்டக் கற்றார், பல தொழில்களில் பொருள் ஈட்டினார். 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வரவேண்டும் என்று அங்கே பேசினார். மேடைகளில் இப்படிப்பட்ட வேண்டுகோள்கள் எத்தனையோ வரும். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே காந்தி மாளிகையில் கல்லூரி நடக்க ஆரம்பித்துவிட்டது!

அதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. நிலம் வாங்கி, வரைபடம் போட்டு, நல்ல நாள் பார்த்துக் கால்கோள் விழா நடத்தி, எல்லாம் முடிந்தபிறகு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கிடைத்த இடத்தில் வகுப்பைத் தொடங்கினார். ‘இந்த மனிதர் சொன்னால் நடக்கும்’ என்கிற நம்பிக்கை ஊருக்கு வந்தது அப்படித்தான். உற்சாகமாகப் பேசுகிறவர்களைக் கேட்டால் அந்த நேரத்துக்கு நமக்கும் உற்சாகம் வரும். சொன்ன வேலையை மறுமாதமே தொடங்கிவிட்டவரைப் பார்த்தால், நம் வீட்டில் பாதியில் நிற்கிற வேலை நினைவுக்கு வரும்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் பெரிது. மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் அமைக்க மத்திய அரசு நினைத்தது. அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாம் ‘சிக்ரி’ என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் கடந்து போகிறோமே, அந்த வளாகம்தான். துறைமுகமோ பெரிய ஆலையோ இல்லாத இந்த வறண்ட சீமைக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்ததற்கு, ஒரு மனிதர் கை நிறையக் கொடுத்ததைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் செய்த உடம்பு நல்ல உடம்பு அன்று. தொழுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு வயது நிறைவதற்குள், 1957 ஏப்ரலில், காலமானார். நல்ல மனநிலை, நேர்மறை எண்ணம் என்று இன்று பயிலரங்குகளில் சொல்லித்தருகிறார்கள். எப்போதும் சிரித்த முகமாக இரு, வலியைக் காட்டிக்கொள்ளாதே என்பதாக அது சுருங்கிப்போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலி இருக்கும்போதே அடுத்தவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசிக்க முடிந்ததே, அதைத்தான் நான் ஊக்கம் என்பேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அழகப்பர் போய் இருபது ஆண்டுகள் கழித்து, பக்கத்தில் குன்றக்குடியில் அடிகளார் ஒரு கிராமத் திட்டம் தொடங்கினார். நிலம், நீர், ஆள்பலம் என்று ஊரில் இருப்பதைக் கணக்கெடுத்து, கூட்டுறவு வழியில் தொழில் வளர்க்கும் திட்டம். ஒரு மடத்தின் தலைவர் தீபாராதனையோடு நின்றுவிடாமல் ஊர் மக்களின் வருமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். அவருக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் யார்? சிக்ரி விஞ்ஞானிகள். ஆய்வகத்துக்கு நிலம் கொடுத்தபோது குன்றக்குடி அழகப்பரின் கணக்கிலேயே இருந்திருக்காது. ஆனால் அவர் தொடங்கியது இன்னொருவர் கையில் வேறொரு வேலையாக வளர்ந்தது. 1982-இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது அங்கே போய் அமைதிக்காகப் பாடுபட்டவரும் இதே அடிகளார்தான்.

கம்பன் அடிப்பொடி சா. கணேசனையும் சொல்லாமல் விடமுடியாது. 1939-இல் அவர் தொடங்கிய கம்பன் விழா, 1982-இல் அவர் மறைந்த பிறகும் நின்றுபோகவில்லை. நேரம் தவறாமைக்குப் பேர்போன விழா அது. அறிவித்த நேரத்தில் தொடங்கும், யாருக்காகவும் காத்திராது. இதைக் கண்டிப்பு என்று சிலர் நினைப்பார்கள். நான் மரியாதை என்று நினைக்கிறேன். நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சாதாரணக் கேட்பவனுக்குக் கொடுக்கும் மரியாதை. அப்படி மதிக்கப்பட்டவன் மறுவருடம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான்.

நம் முன்னோர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசிநிலை உதவியாளாகப் போனவன் அடுத்தாள் ஆனான், பிறகு கடையையே நடத்துகிற மேலாள் ஆனான், சிலர் முதலாளியும் ஆனார்கள். பள்ளிக்கூடம் வைத்துப் பாடம் நடத்தியா ஆனார்கள்? மேலாளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கணக்கு எழுதுவதையும் கடன் கேட்டு வருகிறவரிடம் பேசுவதையும் பார்த்துப் பார்த்து ஆனார்கள். பையன் கண் எப்போதும் மேலாள் முகத்தில்தான் இருக்கும். வாராக் கடன் ஒன்றைப் பற்றிச் சொல்ல வரும்போது அந்த முகம் சுளித்தால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான், மறைப்பான். கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவனை உட்காரவைத்துப் பேசுகிற தலைவரிடம்தான் ஆட்கள் தங்குவார்கள். குழுத் தலைவர்களாக வந்திருக்கும் நீங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் ஒருவன் ‘அண்ணே, இந்த வாரம் ரெண்டு பேர்தான் வந்தாங்க’ என்று சொன்னால், வராதவர்களைத் திட்டாதீர்கள். வந்த ரெண்டு பேரும் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் செய்ததை நேரில் போய்ப் பாருங்கள்.

ஊரணிக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் ஊரணியின் நடுவிலிருந்துதான் மண் அள்ளத் தொடங்குகின்றன. படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஊரணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைத்துக்கிடந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் வந்து சேராது. நம் தெருக்களில் விழும் மழை ஊரணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்துக் கட்டியவர்கள் நம் பாட்டன்மார்கள். இன்று அந்த வழியில் பிளாஸ்டிக்கும் கருவேலமும் கட்டட இடிபாடும் கிடக்கின்றன. முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்குங்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் பத்துப் பேரும் போதும், பொக்லைன் வேண்டாம். குழுத் தலைவர் கைபேசியோடு கரையில் நிற்காமல் முதல் ஆளாக இறங்கட்டும். ஒரு நல்ல மழை பெய்து, கால்வழியே தண்ணீர் ஓடி ஊரணிக்குள் விழுவதைத் தெருவில் உள்ளவர்கள் பார்க்கட்டும். அதன்பிறகு தூர்வார ஆள் கேட்டு நீங்கள் வீடு வீடாகப் போங்கள்.

எந்த ஊரின் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்போதே முன்வரிசைக்கு வாருங்கள். பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன், வரைந்து பார்த்துவிடலாம்.