8 ஜிபி ரேமில் 12 ஜிபி எப்படிக் கிடைக்கிறது?

வணக்கம். 8 ஜிபி ரேம் உள்ள, ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) ஒதுக்கப்படாத ஒரு லினக்ஸ் மடிக்கணினியில், சி மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் நினைவகம் கேட்பதற்கான மால்லாக் என்ற செயற்கூறு வழியாக 6 ஜிபி கேட்கிறது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மறுப்பதில்லை. அதே நிரல் மேலும் 6 ஜிபி கேட்கிறது, அதற்கும் மறுப்பில்லை.

(திரையில்: ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையின் வெளியீடு)

நிரல் கேட்டுப் பெற்ற முகவரிகளின் அளவைக் காட்டும் விர்ட் என்ற நெடுவரிசையில் 12 ஜிபி என்று இருக்கிறது. அதற்கு அடுத்த, உண்மையில் ரேமில் பிடித்திருக்கும் அளவைக் காட்டும் ரெஸ் நெடுவரிசையிலோ ஓரிரு எம்பிதான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் 1975க்குப் போய்விடுவோம். பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு, பிடிபி-11 கணினி, 16 பிட் முகவரி. அவசரப்பட்டு இந்தப் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

அந்தக் கெர்னலுக்குக் கடன் சொல்லத் தெரியாது. ஒரு புராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், கெர்னல் குறிப்புகள், தரவு, ஸ்டாக் (செயற்கூறுகளின் தற்காலிகத் தகவல்கள் இருக்கும் பகுதி) ஆகிய மூன்றும் மெய்யான நினைவகத்தில் இடைவெளியின்றி ஒரே தொடராக அமைந்திருந்தன. நிரல் கூடுதல் இடம் கேட்டால், எக்ஸ்பேண்ட் என்ற இருபது வரிச் சொச்சம் உள்ள செயற்கூறு, புதிய அளவு முழுவதற்கும் போதுமான காலியிடத்தை வேறெங்காவது தேடிப் பிடித்து, பழைய இடத்தில் இருந்த அனைத்தையும் 64 பைட் 64 பைட்டாக அங்கே நகலெடுத்து, அதன் பிறகே பழைய இடத்தை விடுவித்தது. அதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஸ்டாக் மேல் முனையில் இருக்க வேண்டும் என்பதால், அதை மீண்டும் மேலே நகர்த்தி, நடுவில் உண்டான இடைவெளியைப் பூஜ்யங்களால் நிரப்பவும் வேண்டியிருந்தது.

இதில் நான் ரசிக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. இடம் மாறும் பொருள்களுள், அந்தப் புராசஸுக்காக வேலை செய்யும்போது கெர்னல் பயன்படுத்தும் தனி ஸ்டாக்கும் அடக்கம். அதாவது, நகலெடுக்கும் செயற்கூறு எந்த ஸ்டாக்கின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அந்த ஸ்டாக்கையே அது நகலெடுக்கிறது! அதனால்தான் ஸ்டாக்கின் நடப்பு இடத்தைக் காட்டும் ஸ்டாக் சுட்டியை முன்கூட்டியே பத்திரப்படுத்திவிட்டு, நகல் முடிந்ததும் புதிய இடத்துக்குத் தாவும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். காலியிடமே கிடைக்காவிட்டால், புராசஸ் முழுவதையும் வட்டில் எழுதி, பின்னர் பெரிய அளவில் மீண்டும் ஏற்றினார்கள். கேட்டது சில நூறு பைட்டாக இருந்தாலும் இதே பாடுதான்.

இன்றைய லினக்ஸ் இவ்வளவு சிரமப்படுவதில்லை. சிறிய கோரிக்கைகளுக்காக, மால்லாக்கைத் தரும் ஜிலிப்சி நூலகம், பிரேக் என்ற கெர்னல் அழைப்பின் மூலம் ஹீப்பின் (நிரல் கேட்கும் இடம் தரப்படும் பகுதியின்) எல்லையை நகர்த்துகிறது. தொடக்க அமைப்பில் 128 கேபியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு தனிப் பரப்பு கேட்கும் எம்மேப் அழைப்பை நாடுகிறது. இரண்டிலுமே கெர்னல் செய்வது, இந்த முகவரி முதல் அந்த முகவரி வரை இந்தப் புராசஸுக்கு உரியது என்று ஒரு பதிவு எழுதுவது மட்டுமே. ரேமில் ஒரு பைட்டும் ஒதுக்கப்படுவதில்லை.

ஒதுக்கீடு நடப்பது தொடும்போதுதான். நிரல் அந்தப் பரப்பில் முதன்முறையாக ஒரு பைட்டை எழுத முயலும்போது, எந்த முகவரி ரேமில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்க அட்டவணையில் பதிவு இல்லாததால் செயலி பேஜ் ஃபால்ட் எழுப்பிக் கெர்னலை அழைக்கிறது; கெர்னல் தன் பதிவைச் சரிபார்த்து, 4 கேபி அளவுள்ள ஒரு பக்கத்தை எடுத்து, முன்பு அதில் இருந்தவருடைய கடவுச்சொல் முதலான எதுவும் மிஞ்சாதபடி பூஜ்யமாக்கி, அட்டவணையில் இணைத்து, தடைப்பட்ட அதே கட்டளையை மீண்டும் ஓடவிடுகிறது. எழுதாமல் படிக்க மட்டும் செய்தால் அதுவும் இல்லை: எல்லோருக்கும் பொதுவான ஒரே பூஜ்யப் பக்கத்தைக் காட்டிச் சமாளித்துவிடும்.

சரி, இருப்பதைவிட அதிகமாக ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? கல்யாண வீட்டார் எல்லாப் பத்திரிகையிலும் "குடும்பத்துடன் வருக" என்று அச்சிட்டாலும், வரக்கூடியவர்களைக் கணக்கிட்டுத்தான் உலை வைக்கிறார்கள். கெர்னலும் அதே அனுபவத்தை நம்புகிறது. ரெடிஸ் போன்ற தரவுத்தளம் வட்டில் நகல் எழுதுவதற்காகத் தன்னை ஃபோர்க் செய்யும்போது, அதாவது தன்னைப் போலவே இன்னொரு புராசஸை உண்டாக்கும்போது, காகிதக் கணக்கில் நினைவகத் தேவை இரட்டிப்பாகிறது. உண்மையிலோ, மாற்றி எழுதப்படும் பக்கங்கள் மட்டுமே இரண்டாகின்றன. கறாராகக் கணக்குப் பார்த்தால் அந்த ஃபோர்க்கே நடக்காது.

இயல்பு நிலையில் லினக்ஸ் மறுப்பது, ஒரே கோரிக்கை மொத்த ரேமையும் ஸ்வாப்பையும் சேர்த்த அளவைத் தாண்டும்போதுதான். ஆகவே 6 ஜிபியை இரண்டு முறை கேட்டால் கிடைக்கும். 12 ஜிபியை ஒரே முறையாகக் கேட்டால் கிடைக்காது. இந்தச் சலுகை வேண்டாம் என்பவர்கள் இருப்பதைவிட அதிகம் ஒப்புக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் ஓவர்கமிட் அமைப்பை 2 என்று மாற்றலாம். அப்போது தொடக்க அமைப்பில் ஸ்வாப் முழுவதும் ரேமில் பாதியும் சேர்ந்ததே மொத்த உச்சவரம்பு. மேசைக்கணினியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் உலாவிகள் தொடப்போகாத முகவரிகளைத் தாராளமாகக் கேட்டு வைக்கும் வழக்கமுடையவை.

அழைத்தவர் அனைவரும் ஒரே பந்திக்கு வந்துவிட்டால்? அப்போது வருவது, நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் ஏவும் ஓ.ஓ.எம். கில்லர். அது ஒவ்வொரு புராசஸுக்கும், பெரும்பாலும் பிடித்திருக்கும் நினைவகத்தின் அளவைக் கொண்டு, மதிப்பெண் போட்டு, முதலிடம் பெற்றதைக் கொல்கிறது. கடைசியாக ஒரு பக்கம் கேட்டது வேறொரு புராசஸாக இருக்கலாம். உயிர் போவது பெரியதற்குத்தான், இது எனக்கு நியாயமாகவே படவில்லை. இந்த மதிப்பெண்ணை -1000 முதல் 1000 வரை நாமும் திருத்தலாம். -1000 என்றால் முழு விலக்கு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை தனக்குத் தானே அதை எழுதிக்கொள்கிறது. கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் பிராக் கோப்புறையில், ஒவ்வொரு புராசஸின் எண்ணுக்கும் உரிய துணைக் கோப்புறைக்குள் ஓ.ஓ.எம். ஸ்கோர் கோப்பு இருக்கிறது; உங்கள் கணினியில் முதலிடம் எதற்கு என்று பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அது உலாவிதான் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.