ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, பத்து
(பாளையங்கோட்டையில் செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நடந்த நோய் ஆதரவுச் சிகிச்சைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செவிலியர் தோழியரே, களப்பணியாளர்களே, வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு, நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ படுக்கையாகிவிட்ட புற்றுநோயாளியின் கட்டிலருகே அடிக்கடி போய் நிற்பது நீங்கள்தான். டாக்டர் பல நாள் போனில்தான் பேசுவார். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். ஆகவே மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, கேட்கவும் எண்ணவும் பழகுவதுதான் இந்தப் படிப்பில் முக்கியம்.

"வலி இருக்கா ஆச்சி?" என்று கேட்டால், "கெடக்கு தாயி, என்ன செய்ய" என்பார்கள். அதை வைத்து 'வலி சுமார்' என்று நோட்டில் எழுதிவிட்டு வராதீர்கள். எங்கே வலி, எங்கே பரவுகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, ராத்திரி தூங்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காந்துகிறதா, கரண்ட் அடித்தது மாதிரி சுள்ளென்று பாய்கிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு, அபின் வகை வலி மருந்தான மார்ஃபின் மட்டும் பல நேரம் போதாது, இரவில் அமிட்ரிப்டிலின் போல ஒரு துணை மருந்தும் தேவைப்படும். பூஜ்யம் முதல் பத்து வரை எண் சொல்லத் தெரியாதவர்களிடம் முழுசா, முக்காலா, அரையா, காலா என்று கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார்கள்.

இனி மார்ஃபின். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்தே பல ஆஸ்பத்திரிகள் இதை வாங்கி வைக்காமல் விட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைக்க வழியைச் சுலபமாக்கினார்கள். ஆனால் வீட்டாரின் பயம் இன்னும் இருக்கிறது. வலிக்காக அளவோடு கொடுக்கும்போது அடிமையாகிவிடுவது அபூர்வம். திடீரென்று நிறுத்தினால்தான் உடம்பு படபடக்கும். அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சாதாரண மாத்திரை 10 மி.கி. அதன் வேலை ஏறக்குறைய நாலு மணி நேரம். பெரும்பாலும் அரை மாத்திரையில், அதாவது 5 மி.கி.யில் தொடங்குவார்கள், முதியவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் அதிலும் பாதி. காலை ஆறு, பத்து, மதியம் ரெண்டு, மாலை ஆறு, இரவு பத்து. நடுராத்திரி எழுப்பாமல் இருக்க இரவு பத்து மணிக்கு மட்டும் இரட்டிப்பு. ஆக ஒரு நாளைக்கு 30 மி.கி. இடையில் வலி மீறி வந்தால் கொடுக்க அந்த நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 5 மி.கி.

இந்த இடைவேளை மாத்திரையைத்தான் நீங்கள் எண்ண வேண்டும். நேற்று மூன்று முறை தேவைப்பட்டிருந்தால் மொத்தம் 45 மி.கி. ஆகிறது. அதை டாக்டரிடம் சொன்னால், வேளைக்கு 7.5 மி.கி., இரவில் 15 மி.கி. என்று அவர் மாற்றுவார். எண்ணிக்கை இல்லாமல் "ரொம்ப வலிக்காம்" என்று மட்டும் சொன்னால் அவரால் கணக்குப் போட முடியாது. நீடித்து வேலை செய்யும் மாத்திரை வேறு வகை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

தவறு பெரும்பாலும் மதியம் ரெண்டு மணிக்கு நடக்கிறது. மகள் சுற்றி முடித்த பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருப்பாள், மாத்திரை எங்கே என்று வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆறு மணிக்கு ஆச்சி அலறுவார், மருந்துக்கு வலி கேட்கவில்லை என்று வீடு முடிவு கட்டிவிடும். ஐந்து சின்னக் கவர் வாங்கி, ஒவ்வொன்றிலும் கடிகாரமுகம் வரைந்து, ரெண்டு மணிக் கவரை யார் கொடுப்பது என்று பெயர் கேட்டு எழுதிவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு அத்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். பிசாகோடில் 5 மி.கி. இரவில் இரண்டு. குமட்டல் சில நாளில் போய்விடும், மலச்சிக்கல் போகாது. நாலு நாள் போகாமலிருந்து பிறகு நீராகப் போனால், வீட்டார் பேதி என்று மலமிளக்கியை நிறுத்துவார்கள். உள்ளே கட்டிப்போன மலத்தைச் சுற்றி நீர் கசிவதாக இருக்கலாம். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்காமல் பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்க வேண்டாம்.

எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், கைகால் திடீர் திடீரென்று துள்ளுவது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போவது, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளையை நிறுத்தி உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நாறும் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவதையும், ரெண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும் நாளை செய்து காட்டுவோம்.

கடைசி ஒன்றிரண்டு நாள். விழுங்குவது நின்றுபோகும், முழங்கால் தோல் நீலம் பாரிக்கும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரக்கும். "குளுக்கோஸாவது போடுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சுவார்கள். அந்த நேரத்தில் ஏற்றும் நீர் நெஞ்சிலும் காலிலும் தேங்கி, மூச்சுத்திணறலைக் கூட்டிவிடலாம். கரகரப்புக்கு ஒருக்களித்துப் படுக்கவைப்பதே முதல் சிகிச்சை. குழாய் விட்டு உறிஞ்சாதீர்கள். மார்ஃபினை வாயால் கொடுக்க முடியாதபோது தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கலாம். வாய்வழி அளவில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ போதும். அதை டாக்டர் சொல்வார்.

நம் ஊரில் பால் ஊற்றுவது உண்டு. அதைத் தடுக்காதீர்கள். ஆனால் மல்லாக்கக் கிடப்பவர் வாயில் ஸ்பூனால் ஊற்றினால் பால் மூச்சுக்குழலில் இறங்கும், திணறுவார். தலையைச் சாய்த்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, உதட்டிலும் நாக்கின் மேலும் தடவச் சொல்லுங்கள். பேரன் பேத்திகள் எல்லாரும் முறைபோட்டுச் செய்யலாம். மற்ற நேரத்தில் ரெண்டு மணிக்கொருமுறை ஈரத்துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

இறந்த பிறகு மீதி மார்ஃபினை வீட்டில் விட்டுவராதீர்கள். வீட்டார் ஒருவர் முன்னால் எண்ணி, பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மாத்திரை கொடுத்த மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.