ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறம்: அக்ஸ்பிரிட்ஜ் சுரங்க அறை

நண்பர்களே, 1940இல் ஜெர்மன் விமானப்படையை பிரிட்டன் தடுத்ததற்கு ரேடார்தான் காரணம் என்று கேட்டிருப்பீர்கள். அதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். ரேடார் ஜெர்மானியரிடமும் இருந்தது. ரேடாரில் கண்டதைச் சில நிமிடங்களில் விமானியின் காதுக்குக் கட்டளையாகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு பிரிட்டனிடம்தான் இருந்தது. அதைக் கட்டியவர் பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவின் தலைவர் ஹியூ டௌடிங்.

லண்டனுக்கு மேற்கே அக்ஸ்பிரிட்ஜில் 76 படிகள் இறங்கினால், தரைக்கு 60 அடி கீழே அந்தப் பிரிவின் 11ஆம் குழுவுடைய கட்டுப்பாட்டு அறை. லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் அந்தக் குழுவின் பொறுப்பு. தளபதி கீத் பார்க்.

கடலோர ரேடார் கடல் பக்கம் மட்டுமே பார்க்கும். எதிரி கரையைத் தாண்டிவிட்டால், பார்வையாளர் படையினர் கண்ணாலும் காதாலும் பின்தொடர்ந்து தொலைபேசியில் சொல்வார்கள். ரேடார் தகவல் நேரே அக்ஸ்பிரிட்ஜுக்கு வராது. முதலில் டௌடிங்கின் தலைமையகமான பென்ட்லி பிரயரியின் வடிகட்டும் அறைக்குப் போகும். ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டு இடங்களில் காட்டும். அவற்றைப் பொருத்தி ஒரே தடமாக்குவதும், நம்முடையதா எதிரியுடையதா என்று பிரிப்பதும் அங்கேதான். அந்தப் பிரிப்பு தவறியதன் விலை 1939 செப்டம்பர் 6 அன்று தெரிந்தது: பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் தங்கள் பக்கத்து ஹரிக்கேன் போர் விமானங்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின, ஒரு விமானி இறந்தார்.

என்னை எப்போதும் வியக்கவைப்பது அக்ஸ்பிரிட்ஜ் அறையின் சுவர்க் கடிகாரம். அதன் முகம் ஐந்தைந்து நிமிடங்களாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். தகவல் வரும்போது பெரிய முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிற அம்பைப் பெண் பணியாளர்கள் நீண்ட கோலால் மேசை வரைபடத்தில் நகர்த்தி வைப்பார்கள். முள் நீலத்தில் இருக்கையில் சிவப்பு அம்பு கிடந்தால், அது குறைந்தது ஐந்து நிமிடம் பழையது. மணிக்கு 200 மைல் வேகத்தில் வரும் விமானம் அதற்குள் 16 மைலுக்கு மேல் நகர்ந்திருக்கும். பழைய அம்பை நம்பி ஸ்குவாட்ரனை (விமான அணியை) ஏவினால், அது வெறும் வானத்துக்குத்தான் போய்ச் சேரும்.

தம் விமானங்களின் இடம் அறிய வேறு வழி. விமானத்தின் ரேடியோ நிமிடத்துக்கு 14 விநாடி தானாக ஒலி அனுப்பும். தரையில் மூன்று நிலையங்கள் அதன் திசையை அளக்கும்; மூன்று கோடுகளும் வெட்டும் இடம்தான் விமானம் இருக்குமிடம்.

பெரிய பலவீனம் உயரக் கணக்கு. ரேடார் தரும் உயரம் பல ஆயிரம் அடி பிசகும். கட்டுப்பாட்டாளர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், விமானியும் தன் பங்குக்குக் கூட்டுவார், கடைசியில் எதிரி கீழே நழுவிப்போவான்.

இன்னொன்று, அக்ஸ்பிரிட்ஜ் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்க, அதன் கட்டளையை விமானிகளிடம் கொண்டுசெல்லும் செக்டர் (குழுவின் உட்பகுதி) அறைகள் விமானத் தளங்களில் தரைமேல், ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருந்தன. 1940 ஆகஸ்ட் 18 தாக்குதலில், அப்படியொரு செக்டர் தளமான கென்லியின் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. அதன் கட்டுப்பாட்டு வேலை பக்கத்து ஊரான கேட்டரமில் ஒரு இறைச்சிக் கடைக்கு மாறியது.